நீலப் பொடி

அண்ணே, கொஞ்சம் அப்பிடி நகண்டு ஒக்காருங்க. இல்ல இல்ல, ஜன்னல் ஓரம் நீங்களே இருங்க. எனக்கு ஜன்னல் ஓரம் ஆகாது, வாயில காத்து பூந்துரும், பேச்சு வராது. இந்தப் படத்த மட்டும் சித்த மடியில வாங்கி வச்சுக்கிருங்க. பாத்து, கண்ணாடி. ஒடைக்கத்தான் கொண்டு போறேன், ஆனா இங்க ஒடையக்கூடாது. அந்தக் காலேசுக்குப் போயி, பிரின்சிபாலு மேச மேல வச்சு, அவரு கண்ணு முன்னாடி ஒடைக்கணும்.

கண்டக்டரே! வெவசாயக் காலேசு ஒண்ணு. ஸ்டாப்பு வந்தா ஒரு சத்தம் குடுய்யா, நான் பேசிக்கிட்டு வந்தா ஊரு போறது தெரியாது.

படத்துல யாரு, பாருங்க. குனிஞ்சு நிக்கிறானே, வாயப் பொளந்துக்கிட்டு. நான்தேன். கூப்பாடு போடுறப்பப் பாதியில எடுத்துட்டாய்ங்க. கையில என்ன இருக்கு? கோலப் பொடி. நீலக் கலரு. அந்தப் பொடிதாண்ணே என் குடியக் கெடுத்துச்சு. கீழ என்னமோ எழுதியிருக்கு பாருங்க, நீங்க படிச்ச ஆளு மாதிரி இருக்கிய, படிங்க. "நீர்வழிப் பாதையை அடையாளம் காட்டிய முன்னோடி விவசாயி." கேட்டியளா? முன்னோடி! எனக்கு முன்னாடி ஓடுறதுக்கு ஊர்ல வேற எவனும் அம்புட்டுக் கிறுக்கன் இல்ல.

எம் பேரு பொன்னழகு. ஆவரங்கொளத்துல வந்து பொன்னழகு வீடு எதுன்னு கேட்டா ஒரு பயலுக்கும் தெரியாது. ரேடியோ வீடுன்னு கேளுங்க, கோழி கூட வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டுரும். யாரு மாதிரி வேணாலும் பேசுவேன். நாலாவதுதான் படிச்சேன். நாலாப்பு வாத்தியாரு மாதிரி அவரு முதுகுக்குப் பின்னாடி நின்னு பேசுனேன், அவரு திரும்பிப் பாத்தாரு, அன்னையோட படிப்பு முடிஞ்சுச்சு. எழவு வீட்டுல கூட என்னையக் கூப்புட்டு, "ரேடியோ, செத்தவரு பேசுறாப்ல ஒரு வார்த்த பேசுப்பா"ன்னு கேப்பாக. பேசுவேன். அழுகுற பொம்பளைக எல்லாம் சிரிச்சிருவாக, பெறகு இன்னும் சாஸ்தியா அழுவாக. வாயி சும்மா இருக்காதுண்ணே. அது ஒரு நோக்காடு.

சரி, விசயத்துக்கு வாரேன். போன ஆடியில வந்தாய்ங்க. பதினோரு பேரு. பச்ச பனியன், பச்சத் தொப்பி, பயிருக்கு நடுவுல நின்னா ஆளே தெரியாது. என்னான்னு கேட்டா, காலேசுல மன்றம் வச்சிருக்காகளாம். ஊரு ஊராப் போயி சனங்களுக்கு வெவசாயம் சொல்லிக் குடுக்குற மன்றம். யாருக்கு? எங்களுக்கு! மீனுக்கு நீச்சலு சொல்லிக் குடுக்க மெட்ராசுலருந்து ஆளு வந்த கதையா.

அதுல நவநீதன்னு ஒருத்தன், கோயமுத்தூருப் பய. கையெடுத்துக் கும்புட்டுட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பான். "ஏனுங்க ஐயா, இந்த மஞ்ச அட்டைய வயலுக்குள்ள கட்டி விட்டீங்கன்னா, பூச்சியெல்லாம் வந்து தானா ஒட்டிக்குமுங்க." சரிப்பா, கட்டுன்னேன். கத்திரித் தோட்டத்துல கட்டுனான். மொத நாளு ஒட்டுனது பூச்சி இல்ல, என் வேட்டி. இழுக்குறேன், வரல. ரோட்டுல நூறு நாளு வேலைக்குப் போற பொம்பளைக அம்புட்டுப் பேரும் பாத்துட்டுப் போறாளுக.

இன்னொண்ணு, அதுதான் தலைவி. ஃபெமினான்னு பேரு, நாகர்கோயிலுப் புள்ள. அது பேச்சு இருக்கே, எனக்குப் பொழுது போறதே தெரியாது. "ஐயா, ஒங்களுக்க தென்னையில குரும்ப நெறைய கொட்டுகு, பாத்தியளா? நான் ஒரு காரியம் சொல்லட்டா?" சொல்லும்மான்னேன். மரத்தடியில தோண்டி, பென்சிலு மொத்தத்துக்கு ஒரு எள வேரா எடுத்து, நுனியச் சாச்சு வெட்டி, டானிக்குப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக் கட்டிருச்சு. பன்னெண்டு மரத்துக்கும். ஆசுபத்திரியில குளுக்கோசு ஏத்துற மாதிரி. மறுநாளு போயிப் பாத்தா பாக்கெட்டெல்லாம் வத்தி, காலியாக் கெடக்கு. உறிஞ்சிருக்கு! நான் பொய் சொல்லக்கூடாது, குரும்ப கொட்டுறது நின்னுச்சு. இன்னைக்கும் நிக்குது. ஒவ்வொரு கொலையும் குடம் குடமா. அதுக்குத்தாண்ணே வயிறு எரியுது. மரத்துக்கு டானிக்கும் குடுத்து, மரத்தோட கழுத்துக்குக் கத்தியும் வச்சுட்டுப் போயிருக்காய்ங்க. திங்கக்கெழம வெட்டுறாய்ங்க. பன்னெண்டையும். இன்னைக்கு வெள்ளி. நடுவுல ரெண்டே நாளு.

இருங்க, வரிசையாச் சொல்றேன்.

அந்த ஃபெமினாப் புள்ள அன்னைக்கே ஒரு கேள்வி கேட்டுச்சு. "ஐயா, எல்லாரும் தென்னைய நேரா நூலு புடிச்சாக்கும் வைப்பாவ. ஒங்களுக்க மரம் மட்டும் ஏன் வளைஞ்சு வளைஞ்சு, பாம்பு போன மாதிரி நிக்கி?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்க ஊர்ல மரமும் சாராயம் குடிக்கும்மா, அதான் தள்ளாடி நிக்குது"ன்னேன். பதினோரு பேரும் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாய்ங்க. அந்தப் புள்ளயும் சிரிச்சுச்சு. சிரிச்சுக்கிட்டே நோட்டுல எழுதிக்கிருச்சு. அப்பவே எனக்கு ஒறைச்சிருக்கணும்.

ஏன் வளைஞ்சு நிக்குதுன்னா... அங்க முந்தி வாய்க்காலு இருந்துச்சு. முந்தி. எங்க கம்மாய்ல மடையத் தெறந்தா, தண்ணி ஒவ்வொரு வயலாத் தொட்டுக்கிட்டு வந்து, என் வயலுக்கு நடுவுல பூந்து, என் தங்கச்சி வயலுக்குப் போகும். அவ வயலோட முடிஞ்சுச்சு, அதுக்கு அங்கிட்டுப் பொட்டலு. கடமடை. பஞ்சவர்ணம்னு பேரு, எனக்கு ஒரே தங்கச்சி. உள்ளூர்லயே கட்டிக் குடுத்தோம். எங்கப்பா அவளுக்குன்னு அர ஏக்கரு எழுதி வச்சாரு, எனக்கு அடுத்தாப்ல.

பன்னெண்டு வருசத்துக்கு முந்தி நீர்பாய்ச்சி சோலையாண்டி செத்தாரு. நீர்பாய்ச்சின்னா ஊரு வயலுக்கெல்லாம் தண்ணி பாய்ச்சி விடுறவரு. யாருக்கு எம்புட்டுத் தண்ணின்னு அவரு சொன்னதுதான் சட்டம். அவரோட சேந்து ரெண்டு வருசம் மழையும் செத்துப் போச்சு. வாய்க்காலு தூந்து கெடந்துச்சு, நாயி கூட அதுல படுக்காது. நான் என்ன பண்ணேன்? மம்பட்டிய எடுத்து நெரவி விட்டேன். சும்மா கெடக்குற எடத்துல பன்னெண்டு தென்னம்புள்ள வச்சேன். திருடுனேனா? மண்ணத் தூக்கிட்டு ஓடிட்டேனா? மண்ணு அங்கதான இருக்கு! தண்ணி வராத வாய்க்காலுக்கு என்ன மருவாத?

மூணாவது வருசம் மழ பேஞ்சிருச்சு. அதுக்கு நான் என்ன செய்ய? மானத்துக்கிட்டப் போயி, என்னையக் கேட்டுட்டுப் பேய்ன்னா சொல்ல முடியும்? தென்னம்புள்ள இடுப்பு ஒசரம் வந்துருச்சு. புடுங்குனா பாவம்ல.

அவ ஒரு தடவ கேட்டா. ஒரே ஒரு தடவ. ரேசன் கடை வரிசையில நிக்கிறப்ப, கிட்ட வந்து, மெதுவா. நான் அத அப்பிடியே எல்லாருக்கும் போட்டுக் காட்டுனேன். "அண்ணேய்ய்ய்... தண்ணீய்ய்... கொஞ்சூண்டுணேய்ய்..." ரேசன் கடையே சிரிச்சுச்சு. நிறுக்குறவரு பருப்பக் கீழ கொட்டிட்டாரு. அவளும் சிரிச்சா. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. அப்பறம் கேக்கவே இல்ல. கோவம் இருந்தா திரும்பிக் கேட்டிருப்பாள்ல? பொங்கலுக்குச் சீரு கொண்டு போனா வாங்கிக்கிருவா. சாப்பிட்டுட்டுப் போணேம்பா. அவ வயலு கருவேல முள்ளா மண்டிப் போச்சு, அவ நூறு நாளு வேலைக்குப் போறா. எல்லாருந்தான் போறாக. எங்களுக்குள்ள ஒரு மனத்தாங்கலும் கெடையாது.

அப்பிடி நிம்மதியா இருந்த ஊருண்ணே. இவய்ங்க வந்தாய்ங்க.

ஒரு ஞாயித்துக்கெழம. நாடக மேடைக்கு முன்னாடி. ஊரு படம் வரையணுமாம். பேப்பருல இல்ல, தரையில. கலர் கலராக் கோலப் பொடி. பச்சன்னா வயலு, காவின்னா வீடு, நீலம்னா தண்ணி. அதையும் அவய்ங்க வரைய மாட்டாய்ங்களாம், ஊரு சனந்தான் வரையணுமாம். அதுதான் பாடமாம். "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நீங்கதான் சொல்லித் தரோணுமுங்க"ங்குறான் கோயமுத்தூரான். பாத்தியளா சூதை? வெவசாயம் சொல்லிக் குடுக்க வந்தவன் ஒண்ணும் தெரியாதுங்குறான். தெரியாதுன்னு சொல்றவன நம்பவே கூடாதுண்ணே. தெரியும்னு சொல்றவன் ஒரு நாளும் ஒண்ணும் கண்டுபுடிக்க மாட்டான்.

ஊரே கூடிருச்சு. நான்தான் கூட்டத்துக்கு நடுவுல. பிரசிடெண்டு மாதிரி பேசுனேன், அவரு பக்கத்துலயே நிக்கிறாரு, "எந்தன் பொன்னான வாக்காளப் பெருமக்களே"ன்னு. பாலு சொசைட்டிக்காரரு மாதிரி இருமுனேன். சிரிப்புன்னா சிரிப்பு.

அப்ப அந்த ஃபெமினா சொல்லுது, "பொம்பளையாளுவளும் வரையணும். இந்த அக்கா வரையட்டும்"னு நீலப் பொடிய எடுத்து நம்ம பஞ்சவர்ணம் கையில குடுத்துருச்சு. ஊர்ல எத்தன பொம்பள இருக்கா! இவதான் கண்ணுல பட்டாளா?

பஞ்சவர்ணம் குனிஞ்சு வரையிறா. கம்மாயப் போட்டா. மடையப் போட்டா. வாய்க்கால இழுத்தா. கோலம் போடுற கையில்ல, நூலு மாதிரி வருது. மூக்கையா வயலு. சந்தியாகு வயலு. கொட்டக்காரவுக வயலு. என் வயலுக்கு வந்தா. வரப்புல நிறுத்திட்டா. நிமுந்தா. கையத் தட்டிக்கிட்டா.

"இம்புட்டுத்தேன்"னா.

நாகர்கோயிலுப் புள்ள விடுதா? "அப்போ ஒங்களுக்க வயலுக்குத் தண்ணி எங்கேருந்தாக்கும் வருது, அக்கா?"

"எனக்கு மானம் பாத்த பூமிதாம்மா. வாய்க்காலெல்லாம் கெடையாது."

அம்புட்டுத்தாண்ணே! முடிஞ்சு போச்சு! அதோட பொடிய மூடிக் கட்டிட்டுப் போயிருக்கலாம். ஊரு அமைதியா நின்னுச்சு. எனக்குத்தான் இந்த அமைதி ஆகாதே! நாலு பேரு கூடுன எடத்துல சத்தம் இல்லாமப் போனா எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணும். அந்த நேரம் பாத்துப் பின்னாலருந்து எவனோ ஒரு பய, "ரேடியோ, நம்ம சோலையாண்டி கூப்பாடு ஒண்ணு போடேன்"னுட்டான்.

சோலையாண்டி கூப்பாடுன்னா, மடையத் தெறந்த அன்னைக்கு அவரு வாய்க்கா கரையோட நடந்துக்கிட்டே கூப்பாடு போடுவாரு. யாரு வயலுக்குத் தண்ணி ஏறுதோ அவுக பேரச் சொல்லி. மொத மடையில ஆரம்பிச்சாக் கடமடப் பேரு வரைக்கும் ஒரே கூப்பாடு. நடுவுல நிறுத்தக்கூடாது. கடமடப் பேரச் சொல்லாம வாய மூடுனா அடுத்த வருசம் கம்மா நெறையாதும்பாக. காச்சலாக் கெடந்தப்பக் கூட அவரு பாதியில நிறுத்துனது கெடையாது. அந்தக் குரலு ஊருக்குள்ள இப்ப என்கிட்ட மட்டுந்தான் இருக்கு.

இல்லண்ணே, அத இப்பப் போட மாட்டேன். கேக்காதிய. அந்தக் குரலாலதான் இம்புட்டும்.

அன்னைக்குப் போட்டேன். சும்மா நின்னு போட்டிருக்கலாம். கூப்பாடுன்னா நடக்கணும்ல, கை ஆடணும்ல? தங்கச்சி கையிலருந்து பொடியப் புடுங்கிக்கிட்டேன். மடையிலருந்து ஆரம்பிச்சேன். ஒவ்வொரு பேருக்கும் ஒரு புடி பொடி. மூக்கையா, சந்தியாகு, கொட்டக்காரவுக. சனம் கை தட்டுது. கெழவி ஒருத்தி, "சோலையாண்டியே வந்துட்டாரே"ன்னு அழுகுறா. என் பேரு வந்துச்சு. பஞ்சவர்ணம் வந்து என் மணிக்கட்டப் புடிச்சா. புடிச்சாண்ணே. "போதும்ணே"ன்னா. எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "போதும்ணே, விடு"ன்னா.

நான் கையத் தட்டி விட்டேன். கூப்பாட்டப் பாதியில நிறுத்தக்கூடாதுல்ல!

போட்டுக்கிட்டே போயிட்டேன். என் வயலுக்கு நடுவுல, வளைஞ்சு வளைஞ்சு, ஒரு வளவு விடாம. கடமடை வரைக்கும். கடைசிப் பேரச் சொல்லி நிமுந்து பாக்குறேன், ஒரு பயலும் கை தட்டல. பிரசிடெண்டு மோவாயச் சொறியிறாரு. அந்த ஃபெமினாப் புள்ள நோட்டப் பொரட்டி, வாய்க்குள்ளயே முனகுது, "பாம்பு போன மாதிரி". இந்தப் போட்டோ அந்தக் கூப்பாட்டுக்கு நடுவுல எடுத்து, பெறகு கண்ணாடி போட்டு எனக்கே குடுத்ததுதான்.

ஏண்ணே, நீங்களே சொல்லுங்க. பதினோரு பேரு படிச்சவய்ங்க நிக்கிறாய்ங்க. ஒருத்தனாச்சும், "ஐயா, யோசிச்சுப் போடுங்க"ன்னு சொல்ல வேணாம்? படிப்பு எதுக்கு இருக்கு?

பெறகு அதச் சார்ட்டுல ஏத்தி, சுதந்திர தினத்துக் கிராம சபையில மாட்டிட்டாய்ங்க. பிரசிடெண்டு, தாலுகா ஆபீசுலருந்து பழைய படத்த வாங்கியாந்து பக்கத்துல வச்சுப் பாத்தாரு. "யப்பா ரேடியோ, அச்சுல வார்த்த மாதிரி இருக்குய்யா. சர்வேயரு நூலு புடிச்சுப் போட்டத நீ கையால போட்டுட்ட"ங்குறாரு. எல்லாரும் தட்டுறாய்ங்க. அப்பத் தட்டுறாய்ங்க! சர்வேயரு வந்து கல்லு நட்டுட்டுப் போயிட்டாரு. வாய்க்காலத் தோண்டணும்னு தீர்மானம். மரத்துல சுண்ணாம்பால நம்பரு. ஒண்ணுலருந்து பன்னெண்டு.

வீட்டுல கேக்குறா, என் சம்சாரம், "சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டவனக் கேள்விப்பட்டிருக்கேன். ஊரக் கூட்டி, கூப்பாடு போட்டு வச்சுக்கிட்டவன இப்பத்தான் பாக்குறேன்." அவளுக்கு என்ன தெரியும்? சூனியம் நான் வச்சதா? பொடி யாரோடது? காலேசுப் பொடி!

நான் விடல. அந்த ஃபெமினாவுக்குப் போனு போட்டேன். ஒங்க படம் தப்பும்மா, வந்து திருத்துன்னேன். வந்துச்சு, மூணு பேரோட. அதுல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன், கூப்புட்ட ஒடனே வந்துச்சு. அதே எடம், அதே பொடி. "தப்பா இருந்தாத் திருத்திரலாம் ஐயா. நீங்களே போடுங்க, தண்ணி எப்பிடிப் போகும்?"னு நீட்டுது.

வாங்குனேன். கொட்டக்காரவுக வயலு வரைக்கும் போட்டேன். அங்கிட்டு எடது பக்கம் திருப்புனேன். மூக்கையா மகன் கத்துறான், "ரேடியோ மாமா, அது மேடு! தண்ணி என்ன ஏணி வச்சா ஏறும்?" அழிச்சேன். வலது பக்கம் திருப்புனேன். "அது தார் ரோடு, தண்ணிக்கு டிக்கெட்டு எடுத்துருவியா?"ங்குறான். மறுபடி அழிச்சேன். கை தானா அந்த வளவுக்கே போகுதுண்ணே! நான் என்ன செய்ய? முப்பது வருசம் அந்தக் கூப்பாட்டப் பின்னாலயே போயிக் கேட்டவன். பொடிய விட்டு எறிஞ்சேன். பூராக் காத்துல பறந்து என் தல மேலயே விழுந்துச்சு. நீல மொகத்தோட வீட்டுக்குப் போறேன், சின்னப் புள்ளைக எல்லாம் "கிருஷ்ணரு, கிருஷ்ணரு"ன்னு பின்னாலயே வருதுக.

பிரசிடெண்டுக்கிட்டப் போனேன். "படம் தப்புன்னு காலேசுலருந்து எழுதிக் குடுத்தாப் பாப்பம்ப்பா"ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. சொன்னாருல்ல? சொன்னது சொன்னதுதான். அதான் போறேன். தப்பாப் போட்டுட்டோம்னு ஒரு வரி. பிரின்சிபாலு கையெழுத்து, ரப்பர் சீலு. அம்புட்டுத்தான் எனக்கு வேணும். அது இல்லாம அந்த வாசல விட்டு அசைய மாட்டேன்.

என்னது? வேற வழியே இல்லையான்னா?

இருக்கு. ஏன் இல்லாம? அந்தக் கோயமுத்தூருப் பய ஒரு யோசன சொல்லியிருக்கான். மரத்த வெட்ட வேணாமாம். மரத்துக்கு அடியோரமாக் குழாயப் பதிச்சுத் தண்ணியக் கொண்டு போயிரலாமாம். "ஏனுங்க, மரமும் நிக்குமுங்க, தண்ணியும் போகுமுங்க." பிரசிடெண்டும் சரின்னுட்டாரு. ஒரு பேப்பரு எழுதியிருக்காக. இந்தா, சட்டப் பையிலதான் இருக்கு. இது வாய்க்கா எடந்தான், குழா பதிக்க எனக்குச் சம்மதம்னு நான் ஒரு கையெழுத்துப் போடணுமாம்.

அந்தப் பேப்பர யாரு கொண்டாந்தா தெரியுமா? பஞ்சவர்ணம். நேத்து. வாசல்லயே நின்னா. உள்ள வரல. "அண்ணே, நான்தான் பிரசிடெண்டுக்கிட்டப் போயி மரத்த வெட்டாதியன்னு அழுதேன். நீ வச்ச மரம். இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டாப் போதும். எனக்குத் தண்ணி வராட்டியும் பரவால்ல. திங்கக்கெழம மம்பட்டியோட உன் வயலுக்குள்ள என்னைய எறங்க விட்டுறாத"ன்னா. நூறு நாளு வேலைக்காரகதான தோண்டணும், அவளும் அதுல ஒருத்தி.

இத ஏன் அவ குரல்ல பேசிக் காட்டலன்னு பாக்குறியளா? என்னமோ வரலண்ணே. சளி புடிச்சிருக்கு.

எப்பிடிக் கையெழுத்துப் போடுவேன்? யோசிச்சுப் பாருங்க. போட்டா, இத்தன வருசம் அது வாய்க்காலுதான்னு நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்ல? ஊரு என்ன சொல்லும்? தங்கச்சி தண்ணியக் குடிச்சவன்னு சொல்லாதா? பன்னெண்டு மரம் போனாப் போகுது, நாளைக்கு வேற எங்கயாச்சும் வச்சுக்கிருவேன். பேரு போனா எங்க போயி வைக்க? இல்ல, மரத்தையும் விட மாட்டேன். ரெண்டையும் விட மாட்டேன். லெட்டரு வாங்காமத் திரும்ப மாட்டேன்.

அந்தப் பயலுகள நெனச்சாத்தாண்ணே ஆத்திரம் ஆத்திரமா வருது. அட்டையக் கட்டு, டானிக்கக் கட்டு, போ. அதோட போக வேண்டியதுதான? ஊரு எப்பிடி இருக்குன்னு உனக்கு எதுக்கு? தண்ணி எங்க போகுதுன்னு உனக்கு என்ன நோக்காடு?

இந்தா, பாருங்க, எங்க பக்கத்துக் கம்மா. ஜன்னலுக்கு வெளிய. எம்புட்டுத் தண்ணி கெடக்கு பாருங்க! கர வரைக்கும் ஏறிருச்சு. எங்க கம்மாயும் இப்பிடித்தான் தளும்பிக்கிட்டு நிக்குது. ஐப்பசி மழ ஏமாத்தல. இந்த நேரத்துக்குச் சோலையாண்டி இருந்திருந்தா மடையத் தெறந்திருப்பாரு. முண்டாசக் கட்டிக்கிட்டு, மம்பட்டியத் தோள்ல போட்டுக்கிட்டு, கரையில ஏறி நின்னு...

எப்பிடிப் போடுவாருன்னா... சீ, வேணாம். சத்தம் போட்டா பஸ்ஸுல திட்டுவாக. மெதுவாப் போடுறேன். உங்களுக்கு மட்டும். ஆளு குட்டையா இருப்பாரு, குரலு மட்டும் மூணு ஊருக்குக் கேக்கும், மூக்கால இழுப்பாரு.

"மடையத் தெறந்தாச்சேய்ய்ய்! தண்ணி வருதேய்ய்ய்!"

பாத்தியளா, முன் சீட்டுக்காரரு திரும்புறாரு. ஒண்ணுமில்லண்ணே, சும்மா. என்னம்மா, நல்லா இருக்கா? இன்னும் இருக்கு, கேளும்மா.

"மூக்கையா வயலேய்ய்... நெறஞ்சாச்சேய்ய்! சந்தியாகு வயலேய்ய்... நெறஞ்சாச்சேய்ய்!"

இப்பிடியேதான் வருவாரு, ஒத்த மூச்சுல. "கொட்டக்காரவுக வயலேய்ய்... நெறஞ்சாச்சேய்ய்!"

என்னய்யா கண்டக்டரு? காலேசா? இருய்யா, வந்துட்டேன். பாதியில நிறுத்தக்கூடாதுய்யா, ஒனக்கென்ன தெரியும்! ஒரு நிமிசம்!

"பொன்னழகு வயலேய்ய்ய்... நெறஞ்சாச்சேய்ய்ய்!"

இந்தா முடிஞ்சுச்சு, இன்னும் ஒரே பேரு...

"கடமடப் பஞ்சவர்ணம் வயலேய்ய்ய்ய்... தண்ணி வருதேய்ய்ய்... தண்ணி வருது தாயீய்ய்ய்!"

...

ஏ கண்டக்டரு! என்னய்யா எடுத்துட்ட? நிப்பாட்டுய்யா! காலேசு போயிருச்சா? அடுத்த ஸ்டாப்பு ஆறு கிலோமீட்டரா? சத்தம் குடுன்னு சொன்னேன்ல? குடுத்தியா? எங்கய்யா குடுத்த!

அண்ணே, நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாது? பக்கத்துலயே ஒக்காந்து கேட்டுக்கிட்டு வாரியளே. படத்தக் குடுங்க இங்க. என்ன சிரிப்பு வேண்டிக் கெடக்கு? அன்னைக்கும் இப்பிடித்தாண்ணே. பூராப் பேரும் பாத்துக்கிட்டே நின்னாய்ங்க, ஒருத்தனும் என்னைய நிறுத்தல.